வெட்டி வைத்த மாத்திரைகள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்த்தே காலத்தை ஓட்டியவள் என்பதால் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. கைக்குட்டைக்குக்கூட மடிப்பு விழ வேண்டும். மாத்திரை அட்டைகளையும் அந்தக் கை விடவில்லை. ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, தன் சர்க்கரை மாத்திரைகளை டப்பாவின் இடப்பக்கமும் கணவரின் பிரஷர் மாத்திரைகளை வலப்பக்கமும் அடுக்கியிருந்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. வெட்டிய துண்டுகளில் பெயர்தான் இல்லை.

அன்று காலை இருவரும் அவரவர் பக்கத்திலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர் பாதி இட்டலியோடு எழுந்துவிட்டார். அவள் துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது.

"சாவி எங்கடி? முதல் டிரிப்புக்கு நேரமாச்சு."

அவர் பஸ் ஓட்டுவதை விட்டு எத்தனையோ வருஷம். கிண்டல் என்று நினைத்து, "கண்டக்டர் இன்னும் வரலையே" என்றாள். உள்ளே எதையோ உருட்டித் தேடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கின. பின்கழுத்தைத் தொட்டாள். ஈரத்துணி போலச் சில்லென்றிருந்தது.

இந்த வேர்வையை அவள் அறிவாள். சர்க்கரை இறங்கும்போது அவளுக்கே வந்திருக்கிறது. ஆனால் இவருக்குத்தான் சர்க்கரையே கிடையாதே? யோசிக்க அது நேரமில்லை. சர்க்கரை பார்க்கும் தன் கருவியை எடுத்து அவர் விரலில் குத்தினாள். நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

நிமிர்த்தி உட்காரவைத்தாள். விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. இன்னொரு முறை குத்திப் பார்த்தாள்; எண் ஏறியிருந்தது.

"என்னடி, குழந்தைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டுற?"

"நேத்து அந்த டப்பாவை என்ன பண்ணீங்க?"

"கீழ விழுந்துச்சு. பொறுக்கிப் போட்டேன். எல்லாம் வெள்ளைதானே."

மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"தெளிவாப் பேசுறாரு தம்பி."

"அதை நம்பாதீங்கக்கா. அந்தச் சர்க்கரை மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும். சர்க்கரை மறுபடி இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஆம்புலன்ஸ் என்றதும் அவர் அசைவதாக இல்லை. "நல்லாத்தானே இருக்கேன்? படுக்கப் போட்டுத் தூக்கிட்டுப் போக நான் என்ன பொணமா? தெருவே பார்க்கும்."

"பார்க்கட்டும்."

"நீ வேணா போ. நான் வரலை."

அவள் வாதாடவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து, மறுபடியும் விரலில் குத்தினாள். தண்ணீரால் ஏறியதில் பாதி அதற்குள் கரைந்திருந்தது. கருவியை அவர் கண்ணெதிரே நீட்டினாள்.

"உங்களுக்கு நல்லா இருக்கு. இதுக்குத் தெரியலை போல."

அவர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "செருப்பை எடு" என்றார்.

நல்லவேளை கிளம்பினார். வண்டி பாதி வழி போகும் முன்பே, ஓட்டுநருக்கு வளைவு சொல்லிக்கொண்டிருந்த வாய் குழறி நின்றது. கண்கள் செருகின. "பேசுங்க, ஏதாவது பேசுங்க" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். வண்டியில் இருந்த பையன் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினான். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவர் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

வார்டில், அவள் எடுத்து வந்திருந்த மாத்திரைத் துண்டை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இப்படிப் பேர் இல்லாம வெட்டினது?"

"நான்தான்."

டாக்டர் துண்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். நாளை வரை இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நர்ஸ் அடிக்கடி வந்து விரலில் குத்தினாள். மாலையில் எண் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. அவர் கண் திறந்து, உதட்டை நனைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, என் பக்கம் இருந்தது உன் மாத்திரைன்னா, காலையில நீ எதைப் போட்ட?"

அவள் எழுந்தாள். சுவர் லேசாகச் சாய்ந்தது. இந்தத் தலைசுற்றலைப் பயம் என்றுதான் நாள் முழுக்க நினைத்திருந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்து நின்று, பிறகு மெதுவாக நர்ஸின் மேசைவரை நடந்து, சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

"எனக்கும் பிரஷர் பாரும்மா."