எங்கள் பென்சனுக்குள் இருந்த அணுகுண்டு

லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இந்த ஊர் வயதானவர்கள் மழையில் நின்று அரசாங்கத்தை எதிர்க்கும் விதம்தான் அது. நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற பகுதியின் நூலகத்துக்கு வெளியே சனிக்கிழமைகளில் நாலைந்து பேர் ஒரு பதாகையைப் பிடித்தபடி நிற்பார்கள். காலடியில் தேநீர் ஃபிளாஸ்க், பக்கத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு நாய். பொலிஸ்காரர் வந்தால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். மன்னாரில் வளர்ந்த நான் பதாகையைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறிவிடுவேன். அப்படி மாறப்போன ஒருநாள் ஜோன் என்ற வயதான பெண்மணி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

ஜோனை எனக்கு முன்பே தெரியும். நான் சமையலறையில் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் வாசலில், வட்டத் தட்டியைப் பிடித்து வாகனங்களை மறித்துப் பிள்ளைகளை வீதி கடக்க விட்டவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். “ஆர் யூ இன் த ஃபண்ட்?” என்று கேட்டார். ஃபண்ட் எனக்கு ஃபன் என்று கேட்டது. சந்தோஷமாக இருக்கிறாயா என்று விசாரிக்கிறாராக்கும் என நினைத்து, “இந்த மழையிலா?” என்றேன். ஜோன் பதாகைக் கம்பில் சாய்ந்து நின்று சிரித்தார். பிறகு விளங்கப்படுத்தினார். கவுன்சிலின் சமையற்காரர், தோட்டக்காரர், நூலகர் எல்லோருடைய சம்பளத்திலும் ஒரு பங்கு பென்சன் நிதிக்குப் போகிறது. அந்த நிதி கம்பனிகளின் பங்குகளை வாங்குகிறது. அவற்றில் சில அணு ஆயுதங்களைச் செய்யும் கம்பனிகள். அவற்றை நிதியிலிருந்து விலக்க வேண்டும் என்பதுதான் பதாகை.

“அப்ப என்ரை காசிலையுமோ?” என்று என் வாயில் தமிழ்தான் வந்தது. ஜோன் ஒரு சொல்லும் தெரியாமலே தலையாட்டி, “யெஸ், லவ்” என்றார்.

திங்கட்கிழமை காரட் வெட்டிக்கொண்டிருந்தபோது என் அப்பாவின், ஐயாவின் நினைவு வந்தது. ஐயா தபால் கந்தோரில் வேலை செய்தவர். சண்டைக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் மாதா கோவிலுக்குப் பின்னால் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கிவிடுவோம். அம்மா செபமாலை சொல்லுவா. மற்றவர்கள் விமானம் ஓட்டுகிறவனைத் திட்டுவார்கள். ஐயா திட்டியதில்லை. ஒருமுறை மட்டும், மண் எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருக்க, “இதைச் செய்து அனுப்பினவனுக்கும் சம்பளம், பென்சன் எல்லாம் இருக்கும், என்ன?” என்று கேட்டார். அந்த நேரத்தில் அது என்ன கேள்வி என்று அம்மாவுக்குக் கோபம். எனக்கும் அன்று விளங்கவில்லை.

நானும் ஜோனோடு நிற்கப் போகிறேன் என்றது வீட்டில் என் கணவர் அருளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “இந்த நாடு எங்களை வைச்சிருக்கு. அவையின்ரை பாதுகாப்பு விசயத்திலை நீர் ஏன் தலை போடுறீர்? பென்சன் குறைஞ்சால் ஆர் பாக்கிறது?”

“ஜோனுக்கும் அதே பென்சன்தானே. அவவே கேக்கிறா.”

“ஜோன் இஞ்சை பிறந்தவ. அவ கேக்கலாம்.” பிறகு சொன்னார்: “எங்கடை தலையிலை விழுந்தது அணுகுண்டு இல்லை. சாதாரணக் குண்டு. அதைச் செய்யிறவையையும் விலக்கச் சொல்லிக் கேக்கினமோ?”

அடுத்த சனிக்கிழமை ஜோனிடம் அப்படியே கேட்டேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. “இல்லை. முதலில் இதையாவது கேட்போம் என்று நினைத்தோம்” என்றார். பிறகு என் கையைப் பிடித்து, “நிதியை நடத்தும் குழுவிடம் இதை நீ வந்து சொல்வாயா?” என்றார்.

பென்சன் குழுவின் கூட்டம் நகர மண்டபத்தில் ஒரு பின்னேரம் நடந்தது. பொதுமக்களும் பேசலாம். என் பெயரைக் கூப்பிட்டதும் முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். பெயரைச் சொல்லி அழைத்தால் பயப்படப் பழகிய உடம்பு இது. பின்வரிசையில் அருள் இருந்தார். ஷிப்டை மாற்றிக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே வந்திருக்கிறார். மடியில் என் குடையை வைத்திருந்தார். நான் ஐயாவின் கேள்வியைச் சொன்னேன். “அவர் கேட்ட ஆள் இப்போது நான்தான். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு உழைக்கும் பென்சன் இது. ஒரு ஊரையே பிள்ளைகளோடு எரிக்கக்கூடிய ஒன்றில் அது இருக்க வேண்டாம். சாதாரணக் குண்டுகளைப் பற்றியும் ஒருநாள் வந்து கேட்பேன்” என்றேன்.

உறுப்பினர்களின் பென்சனைக் காப்பதே குழுவின் முதற்கடமை என்று தலைவர் சொன்னார். அது நியாயம்தான். விலக்கினால் பென்சனுக்குப் பெரிய பாதிப்பு வராது என்று ஆலோசகர் சொன்ன பிறகுதான் கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் அல்ல. ஆனால் போதுமான கைகள். அணு ஆயுதம் செய்யும் கம்பனிகளின் பங்குகளைப் படிப்படியாக விற்பது, புதிதாக வாங்குவதில்லை என்று முடிவானது. சாதாரணக் குண்டுகளைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. ஜோன் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அருளையும் கட்டிப்பிடித்தார். அவர் குடையோடு விறைத்துப்போய் நின்றார்.

வெளியே, உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதும் ஒரு பெண் என் பெயரைக் குறித்துக்கொண்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். நான் “மிச்சம்” என்றேன். அதே நேரம் பின்னாலிருந்து அருள் நெஞ்சை நிமிர்த்தி “மன்னார்” என்றார். அது ட்ராம் தரிப்பிடத்துக்குக் கிட்டவா என்று அவள் கேட்டாள். கேள்வி விளங்காத அருள், “யெஸ், யெஸ், வெரி நைஸ் ப்ளேஸ்” என்றார்.

அடுத்த வாரம் ஜோன் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். படத்துக்குக் கீழே என் பெயர். அதற்குப் பக்கத்தில், மன்னார் மேனராக மாறி, ‘மேனர், மிச்சம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்படியொரு தெரு இங்கே இல்லையே, நான் போன் பண்ணித் திருத்தச் சொல்கிறேன் என்றார் ஜோன். அருள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் உச்சரிப்பில் எழுத்துக் கூட்டி வாசித்தார்: “மன்னார்... மிச்சம்.”

“வேண்டாம், ஜோன். இருக்கட்டும்” என்றேன்.

ஜோனுக்கு அது பிழையான ஒரு விலாசம். மன்னாரின் மிச்சமான நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.