மாமா திருத்திய மரண அறிவிப்பு

என் அக்காள் புருஷனை, அதாவது மாமாவை, எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சுங்கை பட்டாணியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. அக்காள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசினால் போதும், விருந்தாளிகள் முன்னாலேயே நிறுத்தித் திருத்துவார். கல்யாணமான கொஞ்ச காலத்தில் அவர் எதிரில் அவள் பேச்சே குறைந்துபோனது. தமிழில்கூட.

அம்மா இறந்த காலை, நாங்கள் பிறந்து வளர்ந்த குருண் ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து நான்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மாவின் படத்தோடு அறிவிப்புப் போட்டேன். கீழே ஆங்கிலத்தில் 'மோஸ்ட் டியரஸ்ட் அம்மா' என்று இருந்தது. முதல் பதில் மாமாவுடையது. அனுதாபம் ஒரு வரி இல்லை. 'டியரஸ்ட்' என்றாலே எல்லாரையும்விட அன்பானவர் என்றாகிவிடுகிறது, அதற்கு முன்னால் 'மோஸ்ட்' எதற்கு, எழுதிய முட்டாள் யார் என்று கேட்டிருந்தார். அம்மா கூடத்தில் கிடக்கிறாள், இந்த மனிதருக்கு இலக்கணம் கேட்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பதில் போடவில்லை. அந்த வார்த்தைகளைத் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னவள் அக்காள்தான். "நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம்லா" என்றும் கெஞ்சியிருந்தாள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அதே படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் கட்டினேன். வேண்டுமென்றேதான், ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பந்தி நடக்கும்போது மாமா அதன் முன்னால் போய் நின்றார்.

"இன்னும் மாத்தலையா? தோட்டத்து இங்கிலீஷ் எத்தனை வருஷமானாலும் போகாதுலா."

சொந்தக்காரர்கள் சிலர் சிரித்தும் வைத்தார்கள். சோற்றுக் கரண்டியோடு நான் திரும்பினேன். அதற்குள் அக்காள் சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க எழுதச் சொன்னேன். எங்கம்மாவுக்கு."

சிரிப்பு நின்றது. மாமா மட்டும் அசரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரியா எழுதிக் கொடுத்திருப்பேனே" என்றார்.

அக்காள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் மாமா காடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நாங்கள் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். மறுபடியும் அடித்தார். அக்காள் தலை நிமிராமல் அண்டாவைத் தேய்த்தாள்.

"அவரைப் போகச் சொல்லு" என்றாள்.

ஈரக் கையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. அதைச் சொல்ல நான் ஓடினேன்.