பந்திங்கில் ஒரு சிவப்புப் புள்ளி

செயற்கைக்கோள் படங்களில் புகையைத் தேடுவதுதான் என் வேலை. எங்கே காடு எரிகிறது, எவன் தோட்டத்தைக் கொளுத்துகிறான், அந்தப் புகை கிள்ளான் பக்கம் எப்போது வரும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் துணி காயப்போடும்முன் என்னைக் கேட்பவர்கள் உண்டு. மழை வருமா என்றும் கேட்பார்கள். அது என் இலாகா இல்லை என்றால், "அப்புறம் என்னா சேட்டலைட்டு?" என்பார்கள்.

அந்த வருடம் என்னை அதிகம் கேட்டவர் அத்தான், என் அக்காவின் கணவர். கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். மகள் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் இவர் தீ மிதிப்பார். வேண்டுதல் அக்காவுடையது, கால் அத்தானுடையது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மகள் என்றால் அவருக்கு உயிர். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் தேநீரையே ஆறவைத்துக் குடிக்கிற மனிதர்.

புகைமூட்டம் வந்தால் திறந்த வெளியில் தீ மூட்டத் தடை போடுவார்கள், பந்திங் கோயிலில் தீமிதியும் தள்ளிப்போகும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் போன்.

"சுமத்ராவுல ஏதாச்சும் எரியுதாம்மா?"

"இல்ல அத்தான். அங்க நல்ல மழை."

"சரியா பாரு லா. கொஞ்சங்கூட இல்லியா?"

ஊரே புகை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ள, அதற்காக ஏங்கிய ஒரே மனிதர் இவர்தான். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அன்று ட்யூட்டி. மத்தியானப் படம் வந்ததும் பார்த்தேன்: பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி, அதாவது தீ. சுர்ரென்று கோபம் வந்தது. பட்டப்பகலில் எவனோ பழைய மரங்களைக் கொளுத்துகிறான்! உடனே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு, சாதித்துவிட்ட திருப்தியோடு தே தாரேக் குடிக்க உட்கார்ந்தேன்.

பாதி கிளாஸில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, பொம்பா வண்டி வந்து நிக்குது! தீக்குழியில தண்ணி அடிக்கப் போறாங்களாம். எவன் போய்ச் சொன்னான்னே தெரியல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலத்துக்குள் கனலாக வேண்டும் என்று மத்தியானமே கட்டைகளை அடுக்கி மூட்டியிருக்கிறார்கள். தினமும் அத்தானோடு இந்தத் தீயைப் பற்றித்தான் பேசினேன். சுமத்ரா வரை தேடிய எனக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

அக்கா குழிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாளாம். அத்தான் மஞ்சள் வேட்டியோடு தீயணைப்பு வண்டியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். கோயில் தலைவர் அனுமதியைக் காட்டியதும், வந்தவர்கள் சிரித்துவிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு, போனில் படமெடுக்கத் தயாராக நின்றுவிட்டார்கள். அத்தானுக்குக் கடைசி வழியும் அடைபட்டது. குழிக்கு அந்தப் பக்கம் மகள் நின்றிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு, ஓடாமல், நடந்து போனாராம்.

அடுத்த வாரம் கிள்ளானுக்குப் போனேன். விஷயம் தெரிந்த அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள். அத்தானுக்கோ பெருமை தாங்கவில்லை. "பூ மாதிரி இருந்துச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டிருந்தார்.

"மேலருந்து நம்ம குழி தெரிஞ்சுச்சாமே? காட்டும்மா."

போனில் எடுத்துக் காட்டினேன். புள்ளிக்குப் பக்கத்தில் நான் பிறகு திருத்தி எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"நோ ஃபயரா?"

"காட்டுத் தீ இல்லன்னா ஆபீஸ்ல அப்படித்தான் போடணும் அத்தான்."

அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அக்கா வரவில்லை. விருட்டென்று சாக்ஸைக் கழற்றி, உள்ளங்காலை என் முகத்துக்கு நேரே தூக்கினார். ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம்.

"அப்போ இது என்னா, கொசு கடிச்சதா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "மாத்தி எழுதும்மா. அக்காகிட்ட மட்டும் பூவாவே இருக்கட்டும்."