முத்துவின் நிற்காத டீசல் கார்

முத்து போய்விட்டான். இன்று காலை, புக்கிட் ரோத்தான் வீட்டில், தூக்கத்திலேயே.

உங்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரிந்திருக்காது. அவன் காரைத் தெரிந்திருக்கும்... அந்தப் பச்சை ஜெர்மன் டீசல். அவனும் நானும் செம்பனை எண்ணெய் ஆலை ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

அது எஸ்டேட் மேனேஜரின் கார். அவர் புதுக் கார் எடுத்தபோது, பழையதை ஒர்க்‌ஷாப் ஆட்களில் ஒருவருக்கே தரச் சொன்னார். எல்லாருமே கேட்டோம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எங்கள் பெயர்களை எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, என்னிடம் நீட்டினார்.

என் கையாலேயே எடுத்தேன். முத்து பெயர்.

வயிறு எரிந்தது. செத்தவனைப் பற்றி இப்படியா எழுதுவது என்று திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

நான் டீசல் மெக்கானிக். ஐந்து சிலிண்டர், ஸ்பார்க் பிளக்கே கிடையாது, டேஷ்போர்டில் சின்ன லைட் அணையும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஐரோப்பாவில் அதே காரை டாக்சியாக ஓட்டினார்களாம். நம் பக்கம் டாக்டரும் துரையும் மட்டும் ஏறிய கார். முத்து வெல்டர். வெல்டருக்கு எதற்கு அந்த என்ஜின்?

இரண்டாம் வருஷம் காருக்கு ஒரு வியாதி வந்தது. சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது.

அந்தக் காலத்து டீசலில் சாவி கரண்டை வெட்டுவதில்லை. சாவியைத் திருப்பினால், காற்றை உறிஞ்சும் மெல்லிய குழாய் ஒன்று பம்பில் டீசலை அடைக்கும், அப்போதுதான் என்ஜின் நிற்கும். நான்கு கதவின் பூட்டுக்கும் அதே உறிஞ்சல்தான். எங்காவது ஓர் ஓட்டை விழுந்தால் போதும், உறிஞ்சல் போய்விடும்...

கோலசிலாங்கூரில் ஒரு கல்யாணம். முத்துவின் கார்தான் மாப்பிள்ளைக் கார். மாப்பிள்ளை இறங்கி மாலையும் போட்டாயிற்று, கார் மட்டும் மேளத்தோடு சேர்ந்து தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. பட்டு வேட்டியோடு முத்து பானெட்டைத் திறந்து ஸ்டாப் லிவரை அமுக்கினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அன்று திரும்பும்போது நான் பின் சீட்டில். அவன் வீட்டு வாசலில் மறுபடி லிவரை அமுக்கி என்ஜின் அடங்கியதும், கதவுக்குள்ளிருந்து ‘உஸ்’ என்று மெல்லிய சத்தம். ஓட்டை அங்கேதான். பத்து நிமிஷ வேலை.

“மச்சான், ஒனக்குத்தான் டீசல் தெரியும். கொஞ்சம் பாரேன் லா.”

“பழைய காரு லா... அப்படித்தான் இருக்கும்.”

அதற்குப் பிறகு அவன் கேட்டபோதெல்லாம் இதையே சொன்னேன். எத்தனை வருஷம்...

இன்று போனபோது கார் நிற்கும் போர்ச் காலியாக இருந்தது. அவன் மகளிடம் கார் எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“போன மாசம் கெர்லிங்ல இருந்து ஒருத்தர் வந்தாரு அங்கிள். பின்கதவக் கழட்டி ஏதோ ரப்பர மாத்துனாரு, பத்து நிமிசந்தான். சாவியத் திருப்புனதும் நின்னுருச்சு. அப்பா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி நிறுத்திப் பாத்தாரு. அப்புறம் காரையே அவருக்குக் கொடுத்துட்டாரு.”

“சும்மாவா?”

“சும்மாதான். இத நிறுத்தத் தெரிஞ்சவன்கிட்டதான் இது இருக்கணும்னாரு. ஒங்களுக்குத்தான் கொடுக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தாராம் அங்கிள்... ஒங்களுக்கும் புடிபடலையேன்னு சொன்னாரு.”

முத்துவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத அந்தக் கெர்லிங்காரன் மேல் பொறாமையாக இருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நாளை பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

வலது பின்கதவு, முத்து. எனக்கு அப்பவே தெரியும்டா.

போய் வா.