தலையைத் தாங்கும் எலும்பு

பெப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெளியே மைனஸ் பதினான்கு. காற்றையும் சேர்த்தால் மைனஸ் இருபத்துமூன்று. இரவு விழுந்த பனியின் மேல் உப்புத் தூவியிருந்தார்கள். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் இரண்டாம் மாடியில், கழுத்தை நெட்டிமுறித்துச் சரிசெய்யும் வைத்தியரிடம் காத்திருந்தேன். ஏறி வந்தது பதினேழு படி. உடம்பு நோவோடு வருகிறவர்களை எதற்காக மாடி ஏற்றுகிறார்கள் என்பது அன்றைய முதல் சந்தேகம்.

வெறும் நோ என்றால் நான் போயிருக்க மாட்டேன். தலை வலப்பக்கம் திரும்ப மறுத்தது. வருகிற ஓகஸ்டில் எனக்கு எண்பது. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் மகள் மதுரா பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு, "அப்பா, நீங்கள் தோளுக்கு மேலாலை பாக்கிறேல்லை. கண்ணாடியை நம்பித்தான் லேன் மாத்திறியள். கழுத்துத் திரும்பாட்டி சாவியைத் தாங்கோ" என்றாள். முப்பத்தெட்டு வருடமாக ஓட்டுகிறேன். ஒரேயொரு அபராத டிக்கெற், அதுவும் பொலிஸ்காரனின் பிழை. மனைவிக்கு முழங்கால் சரியில்லை. கோயிலுக்கும் மருந்துக்கடைக்கும் என் கார்தான். சாவி போனால் இரண்டு பேரும் வீட்டுக்குள்தான்.

அறையில் மெந்தோல் வாசம். அது என்னை எண்பதுகளின் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டது. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த நான், இங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போத்தல் மூடி அடுக்கினேன். பெட்டிக்கு இருநூற்று நாற்பது. பெல்ற் இடப்பக்கத்திலிருந்து வரும்; எட்டு மணித்தியாலம் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

கூட வேலை செய்த சிவராசா அண்ணைதான் வழி சொன்னார். "நொவெம்பர் வந்திட்டுது, பெனிஃபிட்டை இன்னும் தொடேல்லையே? ஜனவரி பிறந்தா அது செத்துப்போம். போய்க் கழுத்தை முறிச்சுக்கொண்டு வாரும்!"

வேலையிடம் தரும் மருத்துவக் காப்புப் பணம் வருட முடிவோடு காலாவதியாகும். அதனால் நொவெம்பர், டிசெம்பரில் எங்கள் ஆட்களுக்கு ஒரே நேரத்தில் கண் மங்கும், பாதம் தட்டையாகும், கழுத்துப் பிடிக்கும். சிவராசா அண்ணைக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. கேட்டால், "எனக்கு நோகேல்லை. காசு போறது நோகுது" என்பார்.

அந்த முதல் வைத்தியர் பெரிய உடம்புக்காரர். ஒரு கை நாடியில், மற்றக் கை பிடரியில்; தளர்வாக விடு என்பார், விட்டதும் ஒரு திருகு. படக், படக். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. அடுத்த தரம் நான்குதான் கேட்டது. ஒன்று குறைகிறதே என்று முறையிட்டேன். அவர் சிரித்தார். சத்தத்தை எண்ணிக் காசு கொடுப்பது என்ற என் பிழை அங்கே தொடங்கியது.

தொண்ணூறுகளில் நான் போன வைத்தியர் வேறு கட்சி. முதுகெலும்பு முழுவதையும் முறிப்பது பழைய வேலை, தலையைத் தாங்குகிற முதல் எலும்பைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானே சரியாகும் என்றார். மூன்று எக்ஸ்ரே எடுத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கோணம் அளந்தார். எனக்கு மரியாதை வந்துவிட்டது. படத்தை இரவல் வாங்கி வீட்டில் பாகைமானி வைத்துப் பார்த்தேன். அரைப் பாகை வித்தியாசம். மரியாதை போய்விட்டது. பிறகு என்னைக் கிடத்திச் சப்பாத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வலது கால் கட்டை என்றார். மனைவியைக் கொண்டு தையல் நாடாவால் நான்கு தரம் அளப்பித்தேன். மூன்று தரம் இரண்டும் சமன். நான்காம் தரம் இடது கட்டை. "கால் சரியாத்தான் கிடக்கு, தலைதான் பிழை. எழும்பி வாங்கோ, சோறு ஆறுது" என்றாள்.

அவருடைய வைத்தியம் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும். காதுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரத்தால் ஒரு தட்டு. தலைக்குக் கீழிருக்கும் பலகை டொம் என்று ஓர் அங்குலம் இறங்கும். சத்தம் போட்டது கழுத்தா பலகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு இருபது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். சில நாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பு இருந்த இடத்தில் இருக்கிறது, இன்று ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்பார். காசு மட்டும் அதேதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கையால் தட்டுவதும் போய்விட்டது. பேனை மாதிரி ஒரு கருவியைக் காதடியில் வைத்து டிக் என்று அமத்தினார்கள். சத்தம் குறையக் குறைய விலை ஏறியது. ஆனாலும் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பலகைக்காரரிடம் போன காலத்தில் தலை நன்றாகத் திரும்பியது. குளியலறையில் ஒரே இடத்தில் நின்று, வலப்பக்கச் சுவரில் எத்தனை ஓடு தெரிகிறது என்று எண்ணுவேன். பதினொன்று பதினான்காகியது. அவருக்கு அதை நான் சொல்லவில்லை. சொன்னால் விலை கூட்டியிருப்பார்.

"வாங்கோ அங்கிள்" என்று இந்தக் காலத்து வைத்தியர் கூப்பிட்டார். எங்கள் பிள்ளை, இங்கே பிறந்தவர், முப்பது வயது இருக்கும். பதினாறு கேள்வி கேட்டார், பிரஷர் பார்த்தார், மருந்துக் குளிசைகளின் பட்டியலை வாசித்தார், தலையைத் திருப்பச் சொல்லி அளந்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறியள். போன மாதம் தலை சுத்தினது எண்டும் சொல்லுறியள். நான் உங்கட கழுத்திலை ஒண்டும் செய்யமாட்டன் அங்கிள். முதல்ல குடும்ப டொக்டரிட்டைக் காட்டுங்கோ, கடிதம் தாறன்."

"முந்தி முறிச்சவை தானே, பிள்ளை?"

"அப்ப உங்களுக்கு நாப்பது வயசு."

"அந்த டிக் எண்டிறதையாவது..."

"அதுவும் இல்லை."

"அப்ப திரும்புமோ, திரும்பாதோ?"

"கொஞ்சம் திரும்பலாம். முந்தின மாதிரித் திரும்பும் எண்டா அது பொய். டொக்டர் பாக்கும்வரைக்கும் கார் ஓடாதேங்கோ."

வருகிற காசை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? "என்ரை மகள் உங்களோடை கதைச்சவவோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தே விட்டார். "அவவின்ரை பேரே எனக்குத் தெரியாது."

நம்பாமல்தான் படியிறங்கிக் காரில் ஏறினேன். பழைய கார், பின்னுக்குக் கமெரா இல்லை. இடக் கண்ணாடி, நடுக் கண்ணாடி, வலக் கண்ணாடி. மூன்றிலும் ஒருவரும் இல்லை. றிவேர்ஸ் போட்டுப் பிறேக்கை விட்டேன். டிக்கியில் படாரென்று ஓர் அடி.

அரிசி மூட்டை வைத்த ட்றொலியோடு ஒரு பெண், வலப்பக்கத்தில் நின்றார். அடித்தது அவர் கை. "ஐயா, கொல்லப் பாத்தியளே! ஒருக்காத் திரும்பிப் பாத்தா என்ன?"

பிறேக்கை அமத்தி நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். காருக்கும் அவர் காலுக்கும் இடையில் என் சப்பாத்தால் ஒன்றரை அடி.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. எனக்குக் கழுத்துத் திரும்பாது."

வீட்டில் ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளாததை ஒரு வழிப்போக்கரிடம் சொன்னேன். அவர் கோபம் இறங்கி, "அப்ப ஏன் ஐயா ஓடுறியள்?" என்று மெதுவாகக் கேட்டார். என்ஜினை நிறுத்திவிட்டு மதுராவுக்கு அழைத்தேன்.

வேலையிலிருந்து பஸ் பிடித்து ஒரு மணி பத்து நிமிடத்தில் வந்தாள். சாவியை நீட்டினேன். "பெல்ற்றைப் போடுங்கோ அப்பா" என்றாள். வீடு வரும்வரை பன்னிரண்டு தரம் தோளுக்கு மேலால் பார்த்தாள். எவ்வளவு சுகமாகத் திரும்புகிறது அந்தக் கழுத்து. எனக்குக் காட்டத்தான் அத்தனை தரம் திருப்பினாளோ என்றும் யோசித்தேன்.

மூடி அடுக்கிய தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது முப்பத்தொரு மாடிக் கட்டடம். பலகைக்காரரின் கிளினிக் இருந்த இடத்தில் பிள்ளைகள் குமிழித் தேநீர் குடிக்கிறார்கள். சிவராசா அண்ணை இல்லை. காரை மார்ச்சில் விற்றுவிட்டோம். மனைவியை மதுரா ஞாயிறுகளில் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள், வெள்ளிகளில் கூட்டிப்போக ஆளில்லை.

ஓய்வுபெற்றவனுக்குப் பெனிஃபிட் கிடையாது. அன்று வைத்தியர் பார்த்துவிட்டுத் தொடாமல் விட்டதற்கு எண்பத்தைந்து, மதுராவின் பஸ்ஸுக்கு மூன்று முப்பது. அவளுடைய அரைநாள் சம்பளம் எவ்வளவென்று இரண்டு தரம் கேட்டும் சொல்லவில்லை. அது நீங்கலாக, அன்றைய செலவு எண்பத்தெட்டு டொலர் முப்பது சதம்.