மருந்து வைக்கக் கூடாத வீடு

செஞ்சியில் எங்கள் வீட்டு மாடியில் பந்தல் போட்டு ஒரே ஒரு திராட்சைக் கொடி விட்டிருந்தோம். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த நைனா, அதைத் தோட்டம் என்றுதான் எல்லாரிடமும் சொல்வார். நான் நான்காவது படித்த வருஷம் அது முதன்முதலாகக் காய்த்தது. அதே சமயம்தான் அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த அத்தை, ஒரே ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கும்போதெல்லாம் பெரியவர்கள் என் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தார்கள்.

அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து கோட்டை மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். காய்க்கொத்துகளில் மாவு அப்பினாற்போல வெள்ளை படர்ந்தது அவள் கண்ணில்கூடப் படவில்லை.

நைனா போனில் படம் பிடித்துப் போய் உரக்கடையில் காட்டினார். மாவுப்பூச்சியாம், மருந்து அடித்தால்தான் போகுமாம். ஒரு புட்டியோடு திரும்பியவரை அம்மா வாசற்படி ஏறவிடவில்லை.

"எடுத்துனு போங்க. இந்த வீட்டுல மருந்து வைக்கக் கூடாது."

"கொடி பூடும்டி. ஒரு வாட்டி அடிச்சிட்டு..."

"போனா போவட்டும். உங்களுக்கு மூளை இருக்குதா இல்லியா?"

நைனா மாடியை அண்ணாந்து பார்த்தார். புட்டியோடு வந்த வழியே போனார்.

எனக்கு ஜுரம் வந்தால் மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றுகிற அம்மா, கொடிக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறாள்? அன்றைக்கே அலமாரியில் இருந்த என் இருமல் மருந்தும் காணாமல் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கொடி பாவம் இல்லையா? அத்தையிடம் போய் அம்மாவைப் போட்டுக்கொடுத்தேன்.

"நைனா மருந்து வாங்கியாந்தாரு அத்தை. அம்மாதான் வீட்டுலயே வைக்கக் கூடாதுன்னு தொரத்திட்டாங்க."

அத்தை என்னையே பார்த்தாள்.

"அண்ணி அப்படியா சொன்னாங்க?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழைய பல்பிரஷ் இருந்தா எடுத்தாடி. அப்படியே சோப்புத்தண்ணி," என்றாள்.

கொத்து கொத்தாகத் தேய்த்தோம். நான் தேய்த்ததில் பாதிக் காய் உதிர்ந்தது.

"இன்னாடி, பூச்சிய ஓட்டுறியா, காய ஓட்டுறியா?" என்று அத்தை சிரித்தாள்.

வந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. என்ன சத்தமோ என்று அம்மா கரண்டியும் கையுமாக மாடிக்கு ஓடிவந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி," என்றாள் அத்தை. "இது பழுத்து ஒரு கொத்தாவது தின்னாம நான் எங்கியும் போவமாட்டேன்."

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். திராட்சைக்குப் போய் யாராவது அழுவார்களா? அவ்வளவு ஆசையென்றால் பஜாரில் அரைக்கிலோ வாங்கிக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னேன். இரண்டு பேரிடமும் குட்டு வாங்கினேன்.

கொடி பிழைத்தது. பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அத்தை ஒரு கொத்து முழுக்கத் தின்றாள். அம்மா எதிரில் உட்கார்ந்து கடைசிப் பழம்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

'மருந்து குடிச்சிட்டா' என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்க இன்னும் ஐந்தாறு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும், புளிப்புத் திராட்சை தின்பவர்களை வேடிக்கை பார்ப்பது அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.