அவர் வாசிக்க நான் படித்த பி.ஏ.

எழுபதுகளில் ஏரியூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். பாடங்கள் கட்டுக்கட்டாகத் தபாலில் வரும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடம், சமையல், மாடு எல்லாம் முடித்து உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே கண் சொருகிவிடும்.

என் கணவர் விவசாயி. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தியவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிப்பது அவர்தான். ஒரு சாயங்காலம் நான் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடக் கட்டைப் பிரித்தார்.

"நீ கைவேலயப் பாரு. காதக் குடு, நான் படிக்கறேன்."

பிரெஞ்சுப் புரட்சியையும் பூசையில் வாசிப்பதுபோலவே வாசித்தார், வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று, நிதானமாக. முடிவில் 'ஆமென்' சொல்லிவிடுவாரோ என்று எனக்குச் சிரிப்பு. அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. நான் அரிசி புடைப்பேன், மகளுக்குத் தலை வாருவேன், அவர் வாசிப்பார். சந்தேகம் கேட்டால், "எனக்கும் வெளங்கல. இன்னொருக்கா படிக்கறேன், இரு" என்பார்.

கடைசி வருடப் பரீட்சை நெருங்கும்போது அவருக்கு டைபாய்டு. தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்த வருடம் பரீட்சையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஜுரம் கொஞ்சம் இறங்கியதும் அவர் கேட்டார்:

"பாடத்த எடுத்தாந்தியா?"

"உங்க ஒடம்ப விட அது முக்கியமாங்க?"

"வூட்ல கெடந்தா யாரு படிப்பா? நாளைக்கு எடுத்தா. இந்தத் தடவ நீ படி, நான் கேக்கறேன்."

மறுநாள் கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்தேன். அவசரமாகப் போனால் கையைத் தூக்கி நிறுத்துவார். கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவரின் வற்றிப்போன முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?"

"எழுத்து சரியாத் தெரியலைங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் தேறி வீடு திரும்பினார். நான் சேலம் போய்ப் பரீட்சை எழுதினேன். மூன்றாம் வகுப்பில் பாஸ். முடிவு வந்த அன்று அவர் வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் ஓடிப்போய்ச் சொன்னேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேற்றுக் கையாலேயே கும்பிட்டார்.

"வாங்க பட்டதாரியம்மா, வாங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு 'ங்க' போட்டது அன்று மட்டும்தான்.